வலியைச் சொல்ல ஓர் ஆள்

எங்கள் ஜெபக்குழுவில் எனக்குப் பெயர் புகார்ப்பெட்டி. வைத்தவர் குழுவை நடத்துகிற டீச்சர். பாசத்தில் வைத்த பெயர் என்று குழுவில் இருக்கிற இன்னொருத்தி, பார்லர், சொல்வாள். பாசத்தில் வைத்த பெயரைச் சொல்லும்போது யாரும் கண்ணை மூடிப் பெருமூச்சு விட மாட்டார்கள் என்பது என் கட்சி.

பெயர் பொருந்தவில்லை என்று சொல்ல முடியாது. நான் வேலை பார்ப்பது குடிநீர் வாரியத்தில், புகார் பிரிவில். காலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் வரை ஊரில் இருக்கிற குழாயெல்லாம் என் காதில்தான் ஒழுகும். தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கல், தெளிந்து வந்தது நிற்க மாட்டேன் என்கிறது. திட்டுகிறவர்கள் உண்டு, அழுகிறவர்கள் உண்டு. "நீயெல்லாம் நல்லா இருப்பியா" என்று ஆரம்பித்து, பேசிப் பேசித் தணிந்து, "சரிம்மா, சாப்பிட்டியா" என்று முடிக்கிறவர்களும் உண்டு. ஆளே இல்லை என்று நினைக்கிற நம்பருக்கு யாரும் திரும்பத் திரும்பப் போன் செய்ய மாட்டார்கள் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் பிடிபட்ட விஷயம். அதனால் என் ஜெபமும் அந்த மாதிரிதான் இருக்கும். "ஆண்டவரே, இது நியாயமா? போன வாரமே சொன்னேன். இன்னும் ஒண்ணும் நடக்கல. என்ன செய்யப் போறீங்க?"

"உன் ஜெபம் ஜெபம் மாதிரியே இல்லம்மா" என்பார் டீச்சர். "முறுமுறுப்பு மாதிரி இருக்கு. நம்பிக்கை இருக்கிறவ இப்படிக் கேப்பாளா?"

குழு என்றால் பெரிய கூட்டம் இல்லை. நாலே பேர். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர், எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். பார்லர் அழகு நிலையம் வைத்திருக்கிறவள், அதனால் அந்தப் பெயர். மூன்றாமவள் குண்டு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இடம் அவளுடையது. அவள் உட்கார்ந்தால் நான் பெஞ்சின் விளிம்புக்குப் போய்விடுவேன். அந்தக் கடுப்பில் நான் வைத்த பெயர், அவள் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டது. வியாழக்கிழமை சாயங்காலம் டீச்சர் வீட்டு முன்னறையில் கூடுவோம். முக்காடு போட்டு, வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொள்வோம். குண்டு எப்போதும் என் பக்கத்தில்தான்.

டீச்சரிடம் ஒரு சட்டம் இருந்தது. அவிசுவாச வார்த்தை வாயில் வரக் கூடாது. காய்ச்சல் வந்தால் காய்ச்சல் என்று சொல்லக் கூடாது, "சுகமாயிட்டேன்" என்று அறிக்கை செய்ய வேண்டும். இல்லை என்பதை இருக்கிறது என்று சொல்லச் சொல்ல அது வந்துவிடும், வலிக்கிறது என்று வாயால் சொன்னால் வந்த சுகமும் திரும்பிப் போய்விடும். பார்லர் கடையில் கூரை ஒழுகிய மழைக்காலத்தில்கூட இந்தச் சட்டம் தளரவில்லை. "கர்த்தர் என் கூரையை அடைச்சிட்டார்" என்று அவள் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த அதே வாரம், தலைமுடிக்குச் சாயம் போட வந்த அம்மாள் மடியில் வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் அதைக் குண்டுவின் காதில் சொல்ல, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். டீச்சர் அதைப் பரிசுத்த ஆவியின் அசைவு என்று எடுத்துக்கொண்டார்.

கிண்டல் செய்கிறேனே தவிர, டீச்சர் கெட்டவர் இல்லை. அவருடைய மகன் ஒரு காலத்தில் சாகக் கிடந்தவன். டாக்டர்கள் கையை விரித்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லாம் அழுதுகொண்டிருக்க, டீச்சர் மட்டும் "என் பையன் பிழைச்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவன் பிழைத்தான். இன்றைக்கு இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அன்றைக்கு வாயிலிருந்து ஒரு வார்த்தை தவறியிருந்தால் மகன் போயிருப்பான் என்று டீச்சர் நிஜமாகவே நம்புகிறார். அந்தப் பயம் அவரை விட்டுப் போகவே இல்லை என்று எனக்குத் தோன்றும். குண்டுவின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவருக்குக் கால் முறிந்தபோது முதலில் போய் நின்றவர் டீச்சர்தான். சமைத்துப் போட்டு, துணி துவைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

அதே டீச்சர்தான் ஒருநாள் எல்லார் முன்னாலும், பிள்ளையில்லாத என்னைப் பார்த்து, "உனக்கு மடி நிறையாததுக்கு டாக்டர் காரணம் இல்லம்மா. நீ கேக்கும்போதே சந்தேகத்தோட கேக்கற" என்றார். பார்லர் "ஆமென்" போட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவள், பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. குண்டுதான் வீடு தேடி வந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. என் சமையலறையில் புகுந்து, குவிந்து கிடந்த பாத்திரத்தை எல்லாம் தேய்த்துக் கவிழ்த்தாள்.

"வாடி" என்றாள் கையைத் துடைத்துக்கொண்டே. "நீ இல்லாம எனக்குத் தூக்கம் வருது அங்க."

"நான் அவிசுவாசிடி. உங்க ஜெபத்துக்குத் தடை."

"இருந்துட்டுப் போ. எனக்கு நீ பக்கத்துல உக்காரணும், அவ்வளவுதான்."

போனேன். அவளுக்காகத்தான் போனேன். அதற்குப் பிறகு வந்த சின்னச் சின்னக் குத்தலை எல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே விழுங்கினேன்.

அப்புறம் குண்டுவுக்கு வியாதி வந்தது. மார்பில் ஆரம்பித்து, அறுத்து எடுத்து, போய்விட்டது என்று சொல்லி, ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு முதுகெலும்புக்கு வந்தது. டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் வைத்தியம் வியாதிக்கு இல்லை, வலிக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அண்ணன் என்று நான் சொல்வது குண்டுவின் கணவரைத்தான். அவளை ஆஸ்பத்திரியில் வலிப் பிரிவில் சேர்த்தார்கள். பெஞ்சின் விளிம்புக்கு என்னைத் தள்ளியவள், கட்டிலில் படுத்தால் போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியாத அளவுக்கு இளைத்துப்போயிருந்தாள். நான் அப்போதும் குண்டு என்றுதான் கூப்பிட்டேன். வேறு பெயர் என் வாயில் வராது.

டீச்சர் குழுவைக் கூட்டினார். உபவாசம், ஆள் மாற்றி ஆள் விடாமல் செய்கிற சங்கிலி ஜெபம் எல்லாம் ஏற்பாடாகியது. "அவ சுகமாயிட்டா. இதுதான் இனிமே நம்ம பேச்சு" என்றார்.

"டாக்டர் என்ன சொன்னாருன்னு அண்ணன்கிட்ட கேட்டீங்களா டீச்சர்?" என்றேன்.

டீச்சர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பாவமாகப் பார்த்தார். அதுதான் தாங்கவில்லை.

"நீ தப்பா எடுத்துக்காதம்மா. நாங்க அங்க ஜெபம் பண்ணப் போற நேரத்துல நீ வராம இருந்தா நல்லது. அவளுக்காகச் சொல்றேன். நீ வேற நேரம் போய்ப் பாரு. ஆனா அவகிட்ட வியாதி பத்திப் பேசாத."

வாயில் வந்ததை எல்லாம் சொல்லியிருப்பேன். ஆனால் என்ன இருந்தாலும் அவளுக்காக வயிற்றைக் காயப் போடுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? சரி என்று சொல்லிவிட்டு, பஸ் வரும்வரை காத்திருக்காமல் வீடு வரைக்கும் நடந்தே போனேன்.

டீச்சரும் பார்லரும் காலையில் போவார்கள். நான் வேலை முடித்துச் சாயங்காலம் போனேன். ஜன்னலோரக் கட்டில், பக்கத்தில் ஒரு ஸ்டூல். தண்ணீர் பாட்டிலும் டீச்சர் கொண்டுவந்து வைத்த ஜெப எண்ணெய்க் குப்பியும் சின்ன மேஜையில் இருந்தன. குண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ பேசிக்கொண்டிருந்தோம், அவள் மகள் பரீட்சை பற்றி. அப்போது நர்ஸ் வந்தாள். சின்ன வயசு, சுறுசுறுப்பான பெண். கையில் ஒரு அட்டை, அதில் வரிசையாகச் சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை.

"வலி எப்படி இருக்கும்மா? வலியே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து."

"பூஜ்யம் சிஸ்டர்" என்றாள் குண்டு. "சுத்தமா இல்ல. நான் சுகமாயிட்டேன்."

நர்ஸ் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "நாலுக்கு மேல இருந்தா ஊசி போடலாம்னு டாக்டர் எழுதி வெச்சிருக்காரும்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பூஜ்யம்."

நர்ஸ் குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். நான் குண்டுவின் கையைப் பார்த்தேன். படுக்கை விரிப்பை அப்படியே முறுக்கிப் பிடித்திருந்தாள். மேல் உதட்டில் வேர்வை. போர்வைக்கு வெளியே தெரிந்த கால் விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன.

"என்னடி இது?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல."

"பொய் சொன்னா அறைஞ்சிடுவேன். எத்தனை நாளா இப்படிச் சொல்லிட்டு இருக்க?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது.

வெளியே வந்தேன். அண்ணன் வராந்தாவில் வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தெரியும்மா" என்றார் நான் கேட்பதற்கு முன்னாலேயே. "பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. நான் கேட்டா 'ஒண்ணும் இல்லீங்க'ங்கறா. நான் போய் நர்ஸ்கிட்ட சொல்லலாம்னு பார்த்தேன். குடும்பத் தலைவன் வாயிலேருந்து அப்படி ஒரு வார்த்தை வரக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. ஒருவேளை நான் சொல்லி ஏதாவது ஆயிடுச்சுன்னா..." முடிக்காமல் விட்டுவிட்டார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். எனக்கு வந்த கோபத்துக்கு டீச்சர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. "இதெல்லாம் பைத்தியக்காரத்தனம்டி" என்று ஆரம்பித்தேன். "வலிக்குதுன்னு சொன்னா கடவுள் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாரா? அவர் என்ன சின்னக் குழந்தையா?"

"கத்தாத" என்றாள். குரல் நூல் மாதிரி இருந்தது. "எல்லாரும் சாப்பிடாம இருக்காங்கடி எனக்காக. டீச்சருக்குச் சர்க்கரை இருக்கு, அவங்களும் சாப்பிடல. நான் ஒரு வார்த்தை சொல்லி அத்தனையும் கெடுத்துட்டா? என் பொண்ணு படிப்பு முடியற வரைக்குமாவது இருக்கணும்டி நான். அது வேண்டாமா?"

அவள் சாகப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கயிற்றை. நான் புத்திசாலித்தனமாகப் பேசி அதை அறுத்துவிட்டு, வேறு எதை அவள் கையில் கொடுப்பேன்? கயிறும் அறுபடக் கூடாது, வலியும் குறைய வேண்டும். அன்றைக்கு ஒன்றும் தோன்றாமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஆண்டவரிடம் நன்றாகவே சண்டை போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் முதல் போனே ஒரு பெரியவர். அவர் வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லையாம். எதிர்வீட்டு அம்மாளுக்கு நாலு நாளாக வரவில்லையாம். "அந்தம்மா கேக்க மாட்டாங்க. யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருக்கிற ஆளு. வாளியத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி இறங்குது. நான் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல. நான் புகார் குடுத்தா எடுத்துக்குவீங்களா?"

"தாராளமா குடுக்கலாம் சார்" என்றேன். தினமும் சொல்கிற பதில்தான். தண்ணீர் வராதவரே வந்து சொல்ல வேண்டும் என்று எங்கள் வாரியத்தில் சட்டம் எதுவும் இல்லை. பார்த்தவர் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். முகவரி சரியாக இருந்தால் போதும், ஆள் போவார். பெரியவர் முகவரி சொல்லச் சொல்ல என் கை எழுதிக்கொண்டிருந்தது, மனசு ஜன்னலோரக் கட்டிலுக்குப் போய்விட்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"குண்டு, நான் சொல்றதைக் கேளு" என்றேன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. "நீ விசுவாசி. நீ வாயைத் திறக்காத. சுகமாயிட்டேன்னே சொல்லு, நான் குறுக்க வர மாட்டேன். ஆனா எனக்குத்தான் விசுவாசம் கிடையாதே. டீச்சரே ஊரறியச் சர்டிபிகேட் குடுத்திருக்காங்க. நான் சொல்றேன். என் வாயிலேருந்து வர்றது உன் கணக்குல வராது."

அவள் என்னையே பார்த்தாள்.

"என் கையைப் பிடிச்சுக்க. எவ்வளவு இருக்கோ அவ்வளவு அழுத்து. நீ ஒண்ணும் சொன்ன மாதிரி ஆகாது. கையைத்தான பிடிச்சிருக்க."

"உனக்கு ஏதாவது ஆயிடப்போகுதுடி" என்றாள்.

"எனக்கு இனிமே புதுசா என்ன ஆகப்போகுது? பேர் ஏற்கனவே கெட்டுப்போச்சு."

குண்டு சிரித்தாள். சிரித்தால் முதுகு வலிக்கும்போல, பாதியில் முகம் கோணியது. கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு இன்னும் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் விரல் எலும்பெல்லாம் ஒன்றோடொன்று உரசியது.

நர்ஸ் அட்டையோடு வந்தாள். குண்டு கண்ணை மூடிக்கொண்டு, "நான் சுகமாயிட்டேன் சிஸ்டர்" என்றாள்.

"எட்டு" என்றேன் நான்.

நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளை வெளியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாளோ என்று பயந்தேன். அவள் சிரிக்கவில்லை. "எங்க பாட்டிகூட இப்படித்தான். டாக்டரைப் பார்த்தா மட்டும் நல்லா இருக்கேன்னு சொல்லும்" என்றாள். டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு ஊசியோடு வந்தாள். கொஞ்ச நேரத்தில் குண்டுவின் பிடி ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. கால் விரல்கள் விரிந்தன. வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினாள். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இப்படியே கொஞ்ச நாள் ஓடியது. அலுவலகத்துக்கு முன்னாலும் பின்னாலும் வந்துவிடுவேன். அவள் அழுத்துவாள், நான் எண்ணைச் சொல்வேன். நான் இல்லாத நேரத்தில் அண்ணன் என் பெயரைச் சொல்லி, "அவங்க ஆறுன்னு சொல்லச் சொன்னாங்க" என்று நர்ஸிடம் சொல்லக் கற்றுக்கொண்டார். குண்டு கொஞ்சம் சாப்பிட்டாள். மகளுக்குத் தலை வாரிவிட்டாள். டீச்சர் பூரித்துப்போனார். "பார்த்தியா, முகம் எப்படித் தெளிஞ்சிருக்கு! நம்ம ஜெபம்" என்று பார்லரிடம் சொன்னதை அண்ணன் வந்து என்னிடம் சொன்னார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் தலையணையில் தலை சாய்த்துத் தூங்குகிறாள், அந்தப் பெருமை யாருக்குப் போனால் எனக்கென்ன? இப்படிச் சொல்கிறேனே தவிர, ஒரு ஓரத்தில் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீச்சரும் பார்லரும் மத்தியானம் வந்துவிட்டார்கள். அவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "அடுத்த ஊசிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. நல்லவேளை நீங்க வலியைச் சொல்றீங்க, இல்லன்னா இவங்களுக்கு நாங்க ஒண்ணுமே செஞ்சிருக்க முடியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்றியா? அவளுக்கு வலிக்குதுன்னு?"

"ஆமா டீச்சர். வலிக்குது."

"எத்தனை பேர் உபவாசம்... எவ்வளவு கண்ணீர்..." என்றார் டீச்சர். "உன் நம்பிக்கையின்மை உன்னோட போகட்டும்னுதான இத்தனை வருஷம் பொறுத்தோம். அவளையும் ஏம்மா இழுக்கற? அவ உயிர் விஷயம்மா இது!"

அவர் கண் கலங்கியிருந்தது. நான் எழுந்துவிட்டேன். இத்தனை வருஷம் விழுங்கியதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மடி நிறையாதது உட்பட. குண்டுவைப் பார்த்தேன். சண்டை வேண்டாம் என்று அவள் கண் கெஞ்சியது. ஊசியின் வேகம் குறைய ஆரம்பித்திருந்ததும் தெரிந்தது, உதட்டில் மறுபடி வேர்வை.

"நாங்க ஜெபம் பண்ணணும். நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார் டீச்சர்.

"இருக்கேன். ஆனா ஒண்ணு. நீங்க இந்த ஸ்டூல்ல உக்காந்து அவ கையைப் பிடிச்சுக்கங்க. வலிச்சா அழுத்துவா. அதுதான் எங்க ஏற்பாடு. அவ வாயால எதுவும் சொல்லல டீச்சர், இந்த நிமிஷம் வரைக்கும் சொல்லல. அவளைத் தப்பா நினைக்காதீங்க."

வெளியே வந்து வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அண்ணன் மகளை அழைத்துவரப் போயிருந்தார். உள்ளே டீச்சரின் குரல் கேட்டது. நன்றி சொல்லி, துதித்து, சுகமாக்கிவிட்டீரே என்று ஏறிக்கொண்டே போகிற குரல். பார்லரின் "ஆமென்" இடையிடையே. ஆண்டவரே, என்னைத் துரத்திட்டாங்க, பரவாயில்ல, அவளைப் பார்த்துக்கங்க என்று நான் பெஞ்சிலிருந்து என் புகாரைப் போட்டேன். நர்ஸ் அட்டையும் ஊசித் தட்டுமாக என்னைத் தாண்டி உள்ளே போனாள். குண்டு பூஜ்யம் என்றுதான் சொல்வாள். சொல்வதற்கு ஆள் இல்லை. இன்னும் ஒரு வேளை ஊசியில்லாமல் போகும். எழுந்து கதவைத் தள்ளிவிடலாமா என்று நின்றேன்.

உள்ளே ஜெபம் நின்றுவிட்டது. ஏறிக்கொண்டிருந்த குரல் வாக்கியத்தின் நடுவில் அப்படியே அறுந்துபோனது. டீச்சரின் ஜெபம் நடுவில் நின்று நான் கேட்டதே இல்லை.

கதவு திறந்து டீச்சர் வெளியே வந்தார். வந்ததும் கதவை இழுத்து நன்றாகச் சாத்தினார், உள்ளே சத்தம் கேட்காதபடி. முக்காடு தோளில் நழுவிக் கிடந்தது. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். புறங்கையில் நாலு நகத்தின் தடம், ஒன்றில் ரத்தம் துளிர்த்திருந்தது.

"அவளுக்கு வலிக்குதும்மா" என்றார். ஏதோ எனக்குத் தெரியாத செய்தியைச் சொல்வதுபோல். "ரொம்ப வலிக்குது. பத்துக்கு மேல அந்த அட்டையில நம்பர் இருக்கா?"

நான் உள்ளே ஓடினேன். "பத்து சிஸ்டர்" என்றேன். நர்ஸ் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். பார்லர் கட்டிலின் மறுபக்கம் சுவரோடு ஒட்டி நின்று, குண்டுவின் காலைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் போட்டிருந்த மையெல்லாம் கன்னத்தில் வழிந்திருந்தது.

மருந்து இறங்கியதும் குண்டு கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "டீச்சர் எங்க?"

"வெளிய நிக்கறாங்க."

"திட்டாதடி அவங்களை. கையை ரொம்ப அழுத்திட்டேன். என்னன்னு பாரு."

வெளியே வந்தேன். டீச்சர் பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது, எல்லாம் வரிசையாகத் தயாராகவும் இருந்தது. நர்ஸிடம் வாங்கிவந்த பஞ்சால் அவர் கையைத் துடைத்தேன். டீச்சர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"என் பையன் படுத்திருந்தப்ப அவன் கையை நான் பிடிக்கவே இல்ல" என்றார். "பிடிச்சா அழுதுடுவேன்னு தூரமாவே நின்னேன்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ நாளைக்கு வேலைக்குப் போகணும். வீட்டுக்குப் போம்மா. இன்னிக்கு நான் அவகூடத் தங்கறேன்."

"நர்ஸ் வந்து கேப்பாங்களே டீச்சர். உங்களால சொல்ல முடியுமா?"

டீச்சர் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்காட்டை எடுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"இப்ப உன்கிட்ட சொன்னேன் இல்ல?" என்றார்.